நாவலடிமுனைக்காரியின் தலை

பாலாம்பிகை மற்றவர்களுக்காகப் பேசிப் பிழைப்பவள். ஆஸ்பத்திரிகளிலும் அகதி வழக்குகள் நடக்கும் நீதிமன்றங்களிலும் தமிழை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தைத் தமிழிலும் மாற்றிச் சொல்வது அவள் வேலை. வீடு கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில். தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது அவளுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த மனிதர் அவள் சொன்னதில் பாதியை விழுங்கினார், மீதியைத் தன் பாட்டுக்குச் சுருக்கினார். ஆங்கிலம் ஓரளவு விளங்கும் பாலாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். பிறகு தானே அந்தத் தொழிலுக்கு வந்தபோது, யார் என்ன சொன்னாலும் ஒரு சொல்லையும் விழுங்குவதில்லை என்று முடிவெடுத்தாள். நெடுங்காலம் அப்படியே இருந்தாள்.

அந்தத் தொழிலில் இன்னொரு விதியும் உண்டு. பேசுகிறவர் "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால், "அவருக்கு நெஞ்சு நோகிறதாம்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு" என்றே சொல்லவேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் பாலாம்பிகை எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக, தடுப்பு முகாமில் அடிவாங்கிய வாலிபனாக, சிறுநீரகம் பழுதான முதியவராக. அறையை விட்டு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ரயில் ஏறிவிடுவாள்.

சென்ற ஒக்டோபரில், மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஒரு வேலை வந்தது. மத்திய லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி. மூன்று நாள். "இலங்கைத் தமிழ், கிழக்கு மாகாணம்" என்று மட்டும் குறிப்பு. யாரோ நோயாளியை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

கல்லூரியின் பின்கட்டில், நீளமான மேசை போட்ட ஓர் அறையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஏஞ்சலா என்பவர் கல்லூரியின் உடற்கூற்று அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்தவர், பேசுவதற்கு முன் ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வார். அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்தவர் ஷெறோன், கல்லூரியின் சட்ட விவகாரங்களைப் பார்ப்பவர். மூன்றாவது ஆள் மேசையின் அடுத்த பக்கத்தில் தனியாக இருந்தாள். பச்சைச் சேலைக்கு மேலே அளவுக்குப் பெரிய குளிர்ச்சட்டை. வெயிலில் கறுத்த முகம். கையிரண்டிலும் சிறு சிறு வெட்டுத் தழும்புகள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். பாலாம்பிகை தமிழில் வணக்கம் சொன்னதும் அவளுடைய தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின.

"நல்லவேளை வந்தீங்க அக்கா. காலையில இருந்து சிரிச்சுச் சிரிச்சு வாய் நோகுது" என்றாள்.

அவள் பெயர் தங்கேஸ்வரி. மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைப் பக்கத்தில் நாவலடிமுனை என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்திருந்தாள். கடலை ஒட்டிய களப்பு நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பது தொழில். அத்தோடு ஊர்ப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அவள் லண்டனுக்கு வந்த காரணத்தை ஏஞ்சலா சுருக்கமாகச் சொன்னார். ஏறக்குறைய நூற்று முப்பது வருடங்களுக்கு முன், கடற்கரையை அளக்கப்போன ஆங்கிலேயக் குழுவோடு ஹாலிடே என்றொரு வைத்தியரும் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் மனிதரின் மண்டையோட்டை அளந்தால் எந்த இனம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று கண்டுபிடிக்கலாம் என்றொரு நம்பிக்கை. ஆகவே போன இடமெல்லாம் அவர் மண்டையோடு சேர்த்திருக்கிறார். நாவலடிமுனையில் புதைத்து அதிக நாளாகாத ஒரு பெண்ணின் தலை அவருக்குக் கிடைத்தது. அது கப்பலில் லண்டன் வந்து, கை மாறி, இந்தக் கல்லூரியில் ஒரு அலுமாரிக்குள் இருந்தது. ஊர்க்காரர் பல வருடமாகக் கேட்டுக் கேட்டு, கல்லூரி இப்போதுதான் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறது.

பாலாம்பிகை இதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டம் பிறகுதான் வந்தது. தங்கேஸ்வரி தன்னைப் பற்றியும் தன் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று ஏஞ்சலா கேட்டார். அவள் நிமிர்ந்திருந்து சொன்னாள்.

"நாங்க வேடர். கடலோர வேடர் எண்டு சொல்லுவாங்க. எங்கட ஆக்கள் இந்தத் தேசத்தில எல்லாருக்கும் முதல் இருந்தவங்க. இப்ப நாங்க பேசுறது தமிழ். கும்பிடுறது குமார தெய்வம். பழைய பேச்சு சடங்கில மட்டும் இரிக்கு."

பாலாம்பிகை வாயைத் திறந்தாள். "நாங்கள் வேடர்" என்று அவள் சொல்லவேண்டும். அவளுடைய வீட்டில், அவளுடைய ஊரில், அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. பிள்ளை தலை சீவாமல் நின்றால், கையைக் கழுவாமல் சாப்பிட்டால், அந்தச் சொல்லால்தான் ஏசுவார்கள். அந்த இனத்தில் உயிரோடு ஆட்கள் இருப்பதும், அவர்கள் தமிழ் பேசுவதும் அவளுக்கு இந்த வயதுவரை தெரியாது. ஒரு விநாடி பிந்தி, அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் சரியாகத்தான் வந்தது. ஏஞ்சலா தலையசைத்தார். மற்றவர் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்ததாகத் தங்கேஸ்வரி, அந்தத் தலை வைத்தியருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். ஏஞ்சலா மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். வைத்தியர் தானாகத் தோண்டவில்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முதலியார் பதவியில் இருந்த ஒருவர் ஆட்களை அனுப்பித் தோண்டி எடுத்து, கழுவிக் காயவைத்து அனுப்பியிருக்கிறார். முதலியார் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்று வைத்தியரே எழுதியிருக்கிறார்.

அதையும் பாலாம்பிகை சொன்னாள். "யாழ்ப்பாணத்து" என்ற சொல்லை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் விடவில்லை. சொல்லும்போது மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"அது எங்களுக்குத் தெரியும்" என்றாள் தங்கேஸ்வரி. "முதலியார்ட ஆக்கள் வந்த கதை ஊரில பாட்டாவே இரிக்கு. துரையிட பேர்தான் தெரியாம இருந்த."

பிறகு வந்தது சிக்கல். கல்லூரி இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தது. இரண்டாவது ஆள் ஊர்க் கோயிலின் பூசாரி. கப்புகனார் என்று அவர்கள் சொல்வார்கள். அவருக்கு விசா கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போவார் என்று நம்ப இடமில்லை என்று விசா அதிகாரி எழுதிவிட்டார். இதைச் சொல்லும்போது தங்கேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "அந்த மனுசன் வாகரைச் சந்திக்குப் போனாலே பொழுதுபட முதல் திரும்பி வந்திருவார்" என்றாள். ஆனால் விஷயம் சிரிப்பான விஷயம் இல்லை. இறந்தவளை இடம்பெயர்ப்பதற்கு முன் கப்புகனார் அவளைக் கூப்பிட்டு, கடல் தாண்டி வரச் சம்மதமா என்று கேட்கவேண்டும். கேட்காமல் தூக்கினால் முதல் ஆட்கள் செய்ததையே தாங்களும் செய்ததாகிவிடும். அவர் வர முடியாததால் வீடியோவில் செய்யலாம் என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள்.

ஷெறோன் உடனே மறுத்தார். மனித எச்சங்களைப் படம் எடுப்பதையும் ஒளிபரப்புவதையும் கல்லூரி விதி தடுக்கிறது. இறந்தவர்களின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக வந்த விதி அது.

தங்கேஸ்வரி அதைக் கேட்டு முடித்துவிட்டு, "இவ்வளவு காலமும் இந்த அறைக்க வந்து போன பொடியனுகளெல்லாம் அவவ எடுத்து அளந்து பார்த்தாங்கதானே. அப்ப எங்க போன மரியாதை?" என்று கேட்டாள். கோபம் இல்லாமல்தான் கேட்டாள். பாலாம்பிகை அதே தொனியில் ஆங்கிலத்தில் கேட்டாள். ஷெறோன் கணினியைப் பார்த்தார். ஏஞ்சலா, இரவுக்குள் மேலிடத்தோடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

வெளியே வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லூரி எடுத்துக் கொடுத்த ஹோட்டலில் தங்கேஸ்வரி முதல் நாள் இரவு ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் தன்னிடம் வருகிறவரை வீட்டுக்குக் கூட்டிப் போகக்கூடாது என்பது ஏஜென்சியின் கட்டளை. பாலாம்பிகை அதை ஒருநாளும் மீறியதில்லை. அன்றைக்கு, "வாங்கோ, சோறு சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் பார்க்கிங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

வழியில் தமிழ்க் கடையில் தங்கேஸ்வரி வெற்றிலை வாங்கினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலையை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்களாம். கடையில் காய்ந்த கருவாட்டைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, இது எங்கே பிடித்த மீனோ தெரியாது என்று திருப்பி வைத்தாள்.

பாலாம்பிகையின் கணவன் ஆனந்தராஜா பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி, இப்போது ஓய்வாக இருப்பவர். ஊர்ச் சங்கம், கோயில் சபை என்று ஏதாவது கூட்டம் இல்லாத வாரம் அவருக்கு இல்லை. வந்தவளோடு நன்றாகத்தான் கதைத்தார். மட்டக்களப்பில் வெள்ளம் எப்படி, இறால் இப்போது என்ன விலை போகிறது என்றெல்லாம் கேட்டார். தங்கேஸ்வரி தான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னாள். அதற்குப் பிறகும் அவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் மேசையில் சோறு வைத்தபோது, தனக்குப் பசியில்லை, பிறகு சாப்பிடுகிறேன் என்று எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். அவர் மாலை ஆறு மணியானால் பசி தாங்காத மனிதர்.

பாலாம்பிகைக்கு முகம் சுட்டது. தங்கேஸ்வரி குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டு, "விடுங்க அக்கா. நீங்க இருக்கிறீங்கதானே" என்றாள். பிறகு, தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதையைச் சொன்னாள். பெயர் எழுதும்போது வாத்தியார் இனம் என்ற இடத்தில் தமிழ் என்று போட்டாராம். அப்பா திருத்தச் சொன்னாராம். அப்படிச் சொன்னால் பிள்ளையைத்தான் பின்வரிசையில் வைப்பார்கள், வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று வாத்தியார் நல்ல மனதோடுதான் சொன்னாராம். "அவர் பொய் சொல்லல்ல. வேடப்பிள்ளை எண்டு தெரிஞ்சதும் பின்னுக்குத்தான் விட்டாங்க" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

அவள் போன பிறகு பாலாம்பிகை கணவனிடம் பசி வந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஆனால் அன்றைக்கே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். லண்டனின் மறுபக்கம், கிங்ஸ்பரியில் இருக்கும் ரதீசனுக்குப் போன் போட்டுச் செய்தியைச் சொல்லியிருந்தார். ரதீசன் ஒரு தமிழர் அமைப்பின் தலைவர். சுறுசுறுப்பான மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் அவரே பாலாம்பிகையைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரி மண்டபத்தில் பெரிய வரவேற்பு வைக்கலாம், வெள்ளைக்காரன் கொள்ளையடித்த ஆதித் தமிழ்த் தாயின் தலை வீடு திரும்புகிறது என்று பேனர் அடிக்கலாம், பத்திரிகைக்காரரும் வருவார்கள் என்றார்.

பாலாம்பிகை இதை ரயிலில் வைத்துத் தங்கேஸ்வரியிடம் சொன்னாள்.  வரலாம், ஆனால் பேனரில் வேடர் என்று போடவேண்டும் என்றாள் அவள். ரதீசனுக்குப் போன் போனது. அவர் சபையோடு கதைத்துவிட்டுத் திரும்பி எடுத்தார். இந்த நேரத்தில் அந்தச் சொல் ஆட்களைப் பிரித்துவிடும், நாங்கள் எல்லோரும் தமிழர் என்று நிற்பதுதான் நல்லது என்று சபை நினைக்கிறதாம். அண்ணையிடம் சொல்லிப் பாருங்கோ அக்கா, என்று ஆனந்தராஜாவையும் இழுத்தார். தங்கேஸ்வரி, அப்படியென்றால் வேண்டாம் என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. ரதீசனும் மனம் நொந்து பேசவில்லை, அடுத்த வாரத்துக் கலை விழா வேலையில் இறங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் கல்லூரியில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வீடியோ முடியாது, குரல் மட்டும் போகலாம். தங்கேஸ்வரி காண்பதைச் சொல்லட்டும், பூசாரி தொலைபேசியில் செய்யவேண்டியதைச் செய்யட்டும். ஆனால் அறையில் நடக்கும் எல்லாவற்றையும் பதிவுக்காக ஆங்கிலத்தில் குறித்துக்கொள்ளவேண்டும் என்று ஷெறோன் சொன்னார். பின்னால் யாராவது உரிமை கேட்டு வந்தால் கல்லூரிக்குப் பாதுகாப்பு வேண்டும். தங்கேஸ்வரி வாகரைக்குப் போன் போட்டுக் கேட்டாள். கப்புகனார் குரல் மட்டும் போதும் என்றார்.

ஏஞ்சலா ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கினார்.

தான் பயப்படுவேன் என்று பாலாம்பிகை நினைத்திருந்தாள். பயம் வரவில்லை. சிறிய தலை. தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நிறம். நெற்றியோரம் யாரோ கறுப்பு மையால் ஒரு இலக்கம் எழுதியிருந்தார்கள். தங்கேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, பல் வரிசையில் ஒரு வெற்றிடத்தைக் காட்டி, இந்தப் பல் எங்கே என்று கேட்டாள். சுற்றியுள்ள பற்களெல்லாம் உறுதியாக இருந்தன.

ஏஞ்சலாவின் முகம் மாறியது. சில வருடங்களுக்கு முன் மரபணு ஆராய்ச்சிக்காக அதை எடுத்தார்கள் என்றார். அப்போது யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அதற்காகத் தன் பெயரிலும் கல்லூரியின் பெயரிலும் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்.

"சரி. பல் எங்க?"

பல்லைத் தூளாக்கித்தான் பரிசோதிப்பார்கள், ஆகவே அது இல்லை என்றார் ஏஞ்சலா.

"அரைச்சிட்டாங்களா?" என்று தங்கேஸ்வரி பாலாம்பிகையைக் கேட்டாள். அது அவளிடமே கேட்ட கேள்வி. பாலாம்பிகை ஏஞ்சலாவிடம் கேட்காமலே, "ஓம்" என்றாள்.

தங்கேஸ்வரி பெட்டிக்குப் பக்கத்தில் வெற்றிலையை விரித்து, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஊர்க் கடற்கரை மணலை அதில் கொட்டினாள். கைத்தொலைபேசியை வெற்றிலைக்கு அருகில் வைத்து ஒலியைக் கூட்டினாள். மறுபக்கத்தில் காற்றுச் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள், நாயொன்று குரைத்தது. கப்புகனாருக்குத் தலையின் அளவை, நிறத்தை, இலக்கத்தை, இல்லாத பல்லைத் தங்கேஸ்வரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதுவரைக்கும் பாலாம்பிகை வரிக்கு வரி ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டுதான் வந்தாள். ஷெறோன் தட்டிக்கொண்டிருந்தார்.

 பல் இல்லை என்றதும் கப்புகனாரின் குரல் வேறு விதமாக எழுந்தது. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. பாதி தமிழ், பாதி பாலாம்பிகைக்கு ஒரு சொல்லும் பிடிபடாத மொழி. தமிழில் வந்த இடங்கள் மட்டும் விளங்கின. அவர் இறந்தவளை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டார். அவள் எந்த நோயில் கிடந்தாள், புதைத்த அன்று யார் யார் நின்றார்கள், எந்த மரத்தடி என்று சொன்னார். அவளுக்குப் பிறகு ஊரில் என்னென்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினார். தங்கேஸ்வரி அவ்வப்போது மெல்லிய குரலில் பதில் கொடுத்தாள்.

பாலாம்பிகை முதல் வரியை ஆங்கிலத்தில் தொடங்கினாள். தங்கேஸ்வரி திரும்பி அவள் கையைப் பிடித்தாள்.

"இதைச் சொல்லொண்ணா அக்கா. இது அவவுக்குச் சொல்லுறது."

பாலாம்பிகை நிறுத்தினாள். ஷெறோன் நிமிர்ந்து பார்த்து, பூசாரி என்ன சொல்கிறார் என்று கேட்டார். போன் அந்தப் பக்கம் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எந்த அறையிலும், எந்த நீதிபதிக்கு முன்னாலும் அவள் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்ததில்லை. அப்படிச் சொல்லாமல் விட்ட மனிதரைத்தான் அவள் வாழ்நாள் முழுக்க மன்னிக்காமல் இருந்தாள்.

"இந்தப் பகுதியை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இது நான் சொல்வது. இவர் சொல்வது அல்ல."

ஷெறோன், அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றார். அறையில் பேசும் அனைத்தும் பதிவாகவேண்டும், இல்லாவிட்டால் இதை நிறுத்தவேண்டி வரும் என்றார். குரல் உயரவில்லை. அவர் தன் வேலையைத்தான் செய்தார். பாலாம்பிகை, ஏஜென்சிக்கு முறைப்பாடு செய்யலாம், இப்போது பேசாமல் இருங்கள் என்றாள். பேசாமல் இருங்கள் என்று ஒரு கல்லூரிச் சட்டத்தரணிக்குச் சொல்வேன் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஏஞ்சலா எட்டி ஷெறோனின் கணினியை மெதுவாக மூடினார். "நாம் வெளியே நிற்கலாம்" என்றார்.

அவர்கள் இருவரும் கதவுக்கு வெளியே போய் நின்றார்கள். பாலாம்பிகையும் எழுந்தாள். தங்கேஸ்வரி பிடித்த கையை விடவில்லை. ஆகவே அவள் திரும்ப உட்கார்ந்தாள். விளங்கிய தமிழைக்கூடக் கேட்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கேட்டதை இன்றுவரை அவள் யாருக்கும் சொல்லவில்லை, கணவனுக்கும் சொல்லவில்லை. சடங்கு முடிந்ததும் கப்புகனார் சாதாரணக் குரலில், "சம்மதம். கொண்டு வாங்க" என்றார். தங்கேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் நேற்றுச் சோறு தந்த அக்கா என்று அவருக்குச் சொன்னாள். அவர் பாலாம்பிகையின் ஊரைக் கேட்டார். யாழ்ப்பாணம் என்று அவளே சொன்னாள். "நல்லம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

மூன்றாம் நாள் முழுக்க யார் கையில் ஒப்படைப்பது என்ற பேச்சு. இலங்கைச் சட்டப்படி அது முதலில் கொழும்பில் உள்ள அரச திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும். தங்கேஸ்வரிக்கு அது தெரியும். லண்டன் அலுமாரியிலிருந்து கொழும்பு அலுமாரிக்கு மாற்றுவதற்கு நான் விமானம் ஏறவில்லை என்றாள். கொழும்பில் வேடர் என்றால் காட்டில் வில்லோடு நிற்கும் சிங்களம் பேசும் ஆட்களைத்தான் தெரியும். தமிழ் பேசும் வேடர் என்றால் அவர்கள் நம்புவதில்லை. தமிழரும் நம்புவதில்லை. கடைசியில் அந்தத் தலை யாருடையது என்று இரண்டு பக்கமும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, அவள் பெட்டிக்குள்ளேயே இருப்பாள் என்றாள்.

அவள் கேட்டது ஒரே ஒரு வாசகம். நாவலடிமுனை மக்கள் கையில் கொடுத்துப் புதைப்பதற்காக மட்டுமே இது அனுப்பப்படுகிறது, எங்கும் வைத்துக்கொள்ளவோ காட்டவோ கூடாது என்று கல்லூரி எழுதவேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டாள், வெறுங்கையோடு போவாள். மத்தியானத்துக்குப் பிறகும் பேச்சு நீண்டது. ஷெறோன் வெளியே போய்ப் பல பேருக்குப் போன் செய்தார். முதல் நாள் அவ்வளவு தடுத்த அந்தப் பெண்தான் கடைசியில் அந்த வாசகத்தை ஓட்டை இல்லாமல் எழுதிக் கொண்டுவந்தார். திணைக்களம் இதை மீறினால் கல்லூரி திரும்பக் கேட்கலாம் என்றும் தானாகச் சேர்த்திருந்தார். பாலாம்பிகை வாசித்துத் தமிழில் சொன்னாள். தங்கேஸ்வரி இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

போகும்போது ஏஞ்சலா, நெற்றியில் இருக்கும் மை இலக்கத்தை அழித்துத் தரவா என்று கேட்டார். அதற்கென்று ஆள் இருக்கிறார்கள், எலும்புக்குச் சேதம் வராமல் எடுத்துவிடுவார்கள். தங்கேஸ்வரி வேண்டாம் என்றாள். ஏன் என்று ஏஞ்சலாவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஹீத்ரோவுக்குப் பாலாம்பிகைதான் கூட்டிப் போனாள். தங்கேஸ்வரி குளிர்ச்சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். விமானத்தில் குளிரும் என்று பாலாம்பிகை சொன்னதும் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டாள். 

ஷெறோன் முறைப்பாடு செய்யவில்லை. ஆனால் கல்லூரியின் அறிக்கையில், குறிப்பிட்ட பகுதி மொழிபெயர்க்கப்படவில்லை என்று எழுதவேண்டி இருந்தது. அது ஏஜென்சிக்குப் போனது. வருகையாளரை வீட்டுக்குக் கூட்டிப் போன விஷயமும் எப்படியோ தெரிந்துவிட்டது. ஏஜென்சியில் ஒரு இளைஞன் அவளைக் கூப்பிட்டு நல்லவிதமாகவே பேசினான். அவளுடைய பெயரைச் சிலகாலம் நிறுத்தி வைப்பதாகச் சொன்னான். மொழிபெயர்க்காமல் விட்டதற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டான், வருந்துவதாகச் சொன்னால் காரியம் சுலபம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. பாலாம்பிகை யோசித்துப் பார்த்தாள். அந்த அறையில் இருந்தவர்களில் அந்தப் பேச்சுக்குரியவள் பெட்டிக்குள் இருந்த ஒருத்திதான், அவளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை என்று சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. நீதிமன்ற வேலை நின்றது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு வேறொரு ஏஜென்சி மூலம் ஆஸ்பத்திரி வேலை மட்டும் வரத் தொடங்கியது.

ஆனந்தராஜா முதலில் கோபித்தார். யாருக்காக இதெல்லாம், அவை எங்களுக்கு என்ன ஆக்கள் என்று கேட்டார். பாலாம்பிகை அந்த முதலியாரின் கதையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. வெள்ளைக்காரன் எழுதியதை வைத்துச் சொல்கிறாய் என்றார். வெள்ளைக்காரன் மட்டும் சொல்லவில்லை, அந்தச் சனமும் சொல்கிறது என்றாள்.  அதைப் பற்றி வீட்டில் அதன்பிறகு பேச்சு எழவில்லை. ஆனால் ஒருமுறை கோயில் சபைக் கூட்டத்தில் யாரோ ஒருவர் வேடன் என்று இன்னொருவரை ஏசியபோது, உந்தச் சொல்லை விடுங்கோ என்று ஆனந்தராஜா சொன்னதாக அவருடைய நண்பர் மனைவி தாரிணி வந்து சொன்னாள். அவர் வீட்டில் வந்து அதைச் சொல்லவில்லை.

பெட்டி கொழும்புக்குப் போய் அங்கே நான்கைந்து மாதம் கிடந்தது. எந்த அதிகாரி எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது என்று தெரியாமல் கிடந்தது. தங்கேஸ்வரி மூன்று தரம் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனாள். இரண்டாவது தரம் அவளை வாசலிலேயே இருத்திவிட்டார்கள். ஷெறோன் எழுதிச் சேர்த்த வரியைக் காட்டி ஏஞ்சலா லண்டனிலிருந்து ஒரு கடிதம் போட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. கடிதத்தின் தமிழ்ப் பிரதியைப் பாலாம்பிகை எழுதிக் கொடுத்தாள்.

சித்திரை பிறந்து சில நாளில் புதைத்தார்கள். அவளை முதலில் புதைத்த இடம் இப்போது ஒரு ஹோட்டலின் மதிலுக்குள் இருக்கிறது. அங்கே நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். மதிலோரமாக ஒரு அடி இடம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஆகவே குமார கோயில் காணியில், கடலைப் பார்த்த பக்கத்தில் வைத்தார்கள். அந்தச் செய்தியைத் தங்கேஸ்வரி குரல் பதிவாக அனுப்பியிருந்தாள். பாலாம்பிகை அதை ஆஸ்பத்திரி நடையில், அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன் நின்று கேட்டாள். ஊரெல்லாம் வந்தது, பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள், கப்புகனாருக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஆனாலும் செய்தார் என்று சொல்லியிருந்தாள். விடிய இறாலுக்கு இறங்கவேண்டும், இப்போதுதான் பருவம் என்று முடித்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் நேரே போன் எடுத்தாள். ஐரோப்பாவில் இன்னொரு நகரத்து அருங்காட்சியகத்தில் தங்கள் கரையோரத்து ஆட்களுடைய எலும்புகள் இருக்கின்றனவாம், அவர்கள் வீடியோவில் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். ஏஜென்சி இல்லை, சம்பளம் இல்லை, மொழிபெயர்க்க அக்காவால் வர முடியுமா என்று கேட்டாள்.

"ஓம், வாறன்" என்றாள் பாலாம்பிகை. "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அண்டைக்கு எனக்கு ஆஸ்பத்திரி. மற்ற எந்த நாளெண்டாலும் சொல்லுங்கோ."